கணக்கை எடுத்துவிட்டு இயற்பியல் சொல்லித்தர முடியாது

பெங்களூர்க் கல்லூரி ஒன்றில் பி.ஏ., பி.காம். மாணவர்களுக்கு இயற்பியல் அறிமுகப் பாடம் நடத்துகிறேன். இதைக் கேள்விப்படுகிறவர்கள் சொல்லிவைத்தாற்போல் ஒரே அறிவுரையைத்தான் தருகிறார்கள்: "கணக்கே இல்லாமல் கதையாகச் சொல்லிவிடுங்கள், சார். பாவம், பிள்ளைகள் பயந்துவிடும்." இந்தப் பரிவுதான் எனக்கு எரிச்சலூட்டுகிறது.

பி.காம். படிக்கும் பெண் தேய்மானம் போடுகிறாள், கூட்டு வட்டி போடுகிறாள், ஜி.எஸ்.டி.யை மனக்கணக்காகவே பிரித்துச் சொல்கிறாள். அவளுக்கு எண்ணைக் கண்டு என்ன பயம்? பள்ளியில் காரணம் சொல்லாமல் உருப்போட வைத்தார்களே, அந்தச் சூத்திரங்களைக் கண்டுதான் பயம். சூத்திரத்தைத் தள்ளிப்போடலாம். அளவைத் தள்ளிப்போட்டால் மிஞ்சுவது கருந்துளை, காலப்பயணம், குவாண்டம் மர்மம் என்று வாயைப் பிளக்க வைக்கும் சொற்பொழிவு மட்டுமே. கேட்கச் சுகமாக இருக்கும். பிள்ளைகள் கையில் ஒன்றும் மிஞ்சாது.

நான் தொடங்குவது லிஃப்டில். எடை பார்க்கும் கருவி ஒன்றை உள்ளே வைத்து ஒரு மாணவரை ஏறி நிற்கச் சொல்வேன். முள் நகரும் பழைய வகைக் கருவியாக இருக்க வேண்டும். டிஜிட்டல் கருவிகளில் பல ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிடும். பொத்தானை அழுத்துவதற்கு முன் எல்லோரும் தங்கள் ஊகத்தை எழுதித் தந்தாக வேண்டும். மேலே போகிற வழியெல்லாம் எடை கூடுதலாகத்தான் காட்டும் என்று பெரும்பாலோர் எழுதுவார்கள். லிஃப்ட் கிளம்பும்போது 60 கிலோவில் இருந்த முள் 64, 65 என்று துள்ளும். உடனே 60-க்கே திரும்பிவிடும். மாடி மாடியாகக் கடந்து போய்க்கொண்டே இருக்கும், முள் அசையாது. நிற்கப் போகும்போது 60-க்குக் கீழே இறங்கி மீண்டும் 60-க்கு வரும். "ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, சார், ஏன் கூடவில்லை?" என்று கேட்கும் முகத்தில்தான் பாடம் ஆரம்பிக்கிறது. சீரான வேகத்தில் செல்வதற்குக் கூடுதல் விசை வேண்டியதில்லை, வேகம் மாறுவதற்குத்தான் வேண்டும் என்பதை மனிதகுலம் ஒப்புக்கொள்ளவே கலிலியோவும் நியூட்டனும் வர வேண்டியிருந்தது. இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு பிற்பகல் போதவில்லை என்றால் குறையொன்றுமில்லை.

அடுத்தது காவிரி. நம் குழாயில் வரும் நீர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து கட்டம் கட்டமாக மேலேற்றப்பட்டு வருகிறது. 1,000 லிட்டர் நீரை 100 மீட்டர் உயர்த்த 9.8 லட்சம் ஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு யூனிட் மின்சாரம் 36 லட்சம் ஜூல். ஆகவே கால் யூனிட்டுக்குச் சற்று மேல். ஏற்றம் 300 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற அரசு அளவுகோலின்படி நால்வர் குடும்பத்துக்கு மாதம் 16,200 லிட்டர். மேலேற்ற மட்டும் சுமார் 13 யூனிட். குழாயின் உராய்வும் பம்பின் இழப்பும் தனி. அதே நீரைத் தொட்டியிலிருந்து 15 மீட்டர் உயர மொட்டைமாடிக்கு ஏற்றக் கணக்குப்படி ஒரு யூனிட்கூட ஆகாது. வீட்டு மோட்டாரை யார் அணைக்க மறந்தார்கள் என்று சண்டை போடும் நாம், ஊருக்கு வெளியே இரவும் பகலும் ஓடும் மோட்டார்களை நினைப்பதே இல்லை. இந்தக் கணக்கில் பெருக்கலும் வகுத்தலும் தவிர வேறு என்ன இருக்கிறது?

வகுப்பு முடிந்ததும் அல்சூர், சிவாஜிநகர்ப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் சிலர் நின்று பேசுவார்கள். கோலார் தங்கவயல் குடும்பத்துப் பையன் ஒருவன், "எங்கள் தாத்தா ஊருக்குத்தான், சார், பெங்களூருக்கு முன்பே கரண்ட் வந்தது" என்றான். உண்மைதான். 1902-இல் காவிரியின் சிவனசமுத்திர அருவியில் எடுத்த மின்சாரம் நேரே கோலார் தங்கச் சுரங்கங்களுக்குப் போனது. பெங்களூர்த் தெருவிளக்குகள் 1905-இல்தான் எரிந்தன. அவ்வளவு தூரம் எப்படிக் கொண்டுபோனார்கள் என்று கேட்டேன். மின்னழுத்தத்தைப் பத்து மடங்காக்கினால் மின்னோட்டம் பத்தில் ஒன்றாகும், கம்பியில் இழப்பு நூறில் ஒன்றாகும் என்று நானே விளக்கினேன். "இழப்பை நூறில் ஒன்றாக்கினால் மின்மாற்றிக்குச் செலவழித்த பணம் எத்தனை வருடத்தில் திரும்பும்?" என்று திருப்பிக் கேட்டான். வணிகவியல் மாணவனிடமிருந்துதான் அந்தக் கேள்வி வரும்.

சி.வி. ராமனை இங்கே இழுக்காமல் இருக்க முடியவில்லை. 1907 முதல் 1917 வரை நிதித்துறையில் கணக்கு அதிகாரி. ஆராய்ச்சியெல்லாம் அலுவலக நேரம் போக மிச்சத்தில். ஆனால் இயற்பியலில் எம்.ஏ. முடித்துவிட்டுத்தான் அவர் அந்த வேலைக்குப் போனார். அதனால் அவரை என் மாணவர்களுக்கு எடுத்துக்காட்டாக நிறுத்துவது கொஞ்சம் அழுகுணி ஆட்டம்தான்.

பாடத்தைக் கெடுப்பது தேர்வு. "நிலைமம் என்றால் என்ன? இரண்டு மதிப்பெண்." லிஃப்டில் பார்த்ததை ஒருவரும் கேட்பதில்லை, கையேட்டை உருப்போட்டவன் தேறிவிடுகிறான். 1,000 சதுர அடி மொட்டைமாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் எத்தனை லிட்டர் என்று கேளுங்கள். திட்டவட்டமான விடை இல்லாவிட்டால் திருத்துவது எப்படி என்று சக ஆசிரியர்கள் கவலைப்படுகிறார்கள். சுமார் 930 என்று எழுதினால் முழு மதிப்பெண். தரை உறிஞ்சுவதையும் தெறித்துப் போவதையும் கழித்து 800 என்று காரணத்தோடு எழுதினால் அதற்கும் முழு மதிப்பெண். 93,000 என்று எழுதி, ஒரு மழைக்கு இவ்வளவா என்ற சந்தேகமே வராமல் கீழே இரண்டு கோடு போட்டு வைப்பவருக்குத்தான் பூஜ்யம்.