ஓராண்டு ஒப்பந்தத்தில் ரத்த ஆராய்ச்சி செய்ய முடியாது

சிங்கப்பூரில் போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு) வேலை தேடும் தம்பி தங்கைகள் எனக்கு அடிக்கடி எழுதுகிறார்கள். சம்பளம் எவ்வளவு, வாடகை எவ்வளவு, லேப் நடத்தும் பிஐ எப்படிப்பட்டவர் என்றெல்லாம் கேட்கிறார்கள். ஒப்பந்தம் எத்தனை ஆண்டுக்கு என்று கேட்பவர்கள் குறைவு. நான் ரத்த ஸ்டெம் செல்லில் வேலை செய்பவள். இந்தத் துறைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான்.

ஏன் என்று சொல்கிறேன். நம் உடம்பில் நொடிக்கு இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட சிவப்பணுக்கள் புதிதாக உருவாகின்றன. ஒவ்வொன்றும் சுமார் 120 நாள் இருக்கும். தட்டணுக்களுக்கு ஒரு வாரம் பத்து நாள்தான். நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளணுக்கள் ரத்தத்தில் ஒரு நாள் தாங்கினாலே அதிகம். வாழ்நாள் முழுக்க இவை எல்லாவற்றுக்கும் மூலம் எலும்பு மஜ்ஜையில் இருக்கும் மிகச் சில ஸ்டெம் செல்கள். நுண்ணோக்கியில் பார்த்து இதுதான் அது என்று சொல்ல முடியாது. மேற்பரப்புப் புரதங்களை வைத்து, செல்களை வகைபிரிக்கும் சார்ட்டர் கருவியில் பிரித்தெடுத்தாலும், கையில் கிடைப்பது ஸ்டெம் செல்லாக இருக்கக்கூடிய செல்தான். அதை நம்பகமாக உறுதிசெய்ய, கதிர்வீச்சு கொடுத்த சுண்டெலிக்குள் அந்தச் செல்களைச் செலுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். குறைந்தது 16 வாரம்.

ஸ்டெம் செல்லுக்கு அடுத்த படியில் இருக்கும் முன்னோடிச் செல்களும் முதல் சில வாரங்கள் ரத்த அணுக்களைத் தரும், அப்புறம் ஓய்ந்துவிடும். நான்கு மாதம் கழிந்தும் எல்லா வகை அணுக்களும் வந்துகொண்டிருந்தால்தான் நம்பலாம். அதோடும் விடுவதில்லை. அந்த எலியின் மஜ்ஜையை எடுத்து இன்னொரு எலிக்கு மாற்றி, மறுபடி 16 வாரம் பார்க்க வேண்டும். எதுவும் தவறாமல் நடந்தாலே ஏழு மாதத்துக்கு மேல் போய்விட்டது. அதற்கு முன்னால் விலங்கு ஆய்வு அனுமதிக்காகக் காத்திருந்த காலமும், பின்னால் கட்டுரையை மதிப்பிடுபவர் “இன்னொரு தடவை செய்து காட்டுங்கள்” என்று எழுதினால் ஆகும் காலமும் இந்தக் கணக்கில் இல்லை.

இப்போது சொல்லுங்கள், ஓராண்டு ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு இந்தச் சோதனையை யார் தொடங்குவார்கள்?

தொடங்குவதில்லை என்பதுதான் உண்மை. என் நண்பர் ஒருவருக்கு முதல் எலிகளில் அருமையான முடிவு வந்தது. ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருந்தது. நீட்டிப்பார்களா என்று கேட்டால், கிராண்ட் (ஆராய்ச்சி நிதி) வந்தால் பார்க்கலாம் என்று பதில். அவர் இரண்டாவது எலிக்கு மாற்றும் சோதனையை விட்டுவிட்டு, செல்களைத் தட்டில் வளர்த்துப் பதினான்கு நாளில் முடிவு தரும் காலனி சோதனையைச் செய்து கட்டுரையை முடித்தார். அது முன்னோடிச் செல்களைப் பற்றிச் சொல்லும். நீண்ட நாள் உழைக்கும் ஸ்டெம் செல்லைப் பற்றிச் சொல்லாது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. குடும்பத்தோடு இங்கே இருப்பவர் வேறு என்ன செய்வார்?

துறையின் வரலாறே இதற்குச் சாட்சி. 1961இல் டொராண்டோவில் ஜேம்ஸ் டில்லும் எர்னஸ்ட் மெக்கல்லக்கும் மஜ்ஜைச் செல்களைச் செலுத்திய எலியின் மண்ணீரலில் சுமார் பத்து நாளில் தெரிந்த செல் முடிச்சுகளை எண்ணினார்கள். ரத்த ஸ்டெம் செல் ஆராய்ச்சி அங்கிருந்துதான் வளர்ந்தது. ஆனால் சீக்கிரம் தோன்றும் முடிச்சுகள் விரைவில் மறைந்துவிடும் வகை என்பது 1982இல்தான் தெரிந்தது. பொறுமையாகப் பார்த்தவர்களால்தான் அந்தத் திருத்தம் வந்தது.

சிங்கப்பூரில் கருவிக்கோ வசதிக்கோ குறை சொல்லவே முடியாது. 2003இல் திறந்த பயோபோலிஸ் ஆய்வு வளாகத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்தால் புரியும். ஞாயிற்றுக்கிழமை செல்லுக்குத் தீனி மாற்ற வருவதும், தீபாவளியன்று தேக்காவுக்கு (லிட்டில் இந்தியா) போகும் வழியில் லேபில் எட்டிப் பார்ப்பதும் எனக்குப் பாரமில்லை, விரும்பித்தான் செய்கிறேன். பாரமாக இருப்பது வேறு. நம்முடைய இ-பாஸ் என்ற வேலை அனுமதி, பார்க்கும் வேலையோடு கட்டுண்டது. வேலை போய் பாஸ் ரத்தானால் பொதுவாக 30 நாள்தான் கைவசம். துணையின் பாஸும் பிள்ளையின் பள்ளியும் அதே கயிற்றில் தொங்குகின்றன. வீட்டுக்காரர் இரண்டு ஆண்டுக்குக் கையெழுத்து கேட்பார், வேலையிடம் ஓராண்டுக்குத்தான் தரும். இந்த நிலையில் துணிச்சலான கேள்வி மனதில் எப்படி எழும்?

பொறுமை என்ன தரும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. பிசிஎல்11ஏ என்ற மரபணுதான் கருவில் இருக்கும்போது உருவாகும் ஹீமோகுளோபினைப் பின்னாளில் அடக்கிவைக்கிறது என்று 2008இல் ஸ்டூவர்ட் ஆர்கின் லேபில் விஜய் சங்கரனும் மற்றவர்களும் காட்டினார்கள். அந்தக் கண்டுபிடிப்பிலிருந்து வந்த, அந்த அடக்கலை நீக்கும் மரபணுத் திருத்தச் சிகிச்சை, அரிவாள் செல் நோய், பீட்டா தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய்களுக்கு முதல் அங்கீகாரம் பெற்றது 2023இல், பிரிட்டனில். பதினைந்து ஆண்டு. சிங்கப்பூரில் நூறு பேரில் ஏறத்தாழ மூன்று பேர் தலசீமியா மரபணுவைச் சுமப்பவர்கள். இது நமக்குத் தூரத்துச் செய்தி இல்லை. நம்ம வேலூர் சிஎம்சி மருத்துவமனையில், ரத்தம் சரியாக உறையாத நோயான ஹீமோஃபீலியா ஏ கடுமையாக உள்ள ஐந்து பேருக்கு அவர்களுடைய ரத்த ஸ்டெம் செல்லிலேயே மரபணுவைச் சேர்த்துச் செய்த சிகிச்சையின் முடிவுகள் 2024இல் வெளிவந்தன. படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. இதுவும் அவசரத்தில் நடக்கிற வேலை அல்ல.

ஆகவே நிதி தருகிறவர்களிடமும் லேப் நடத்துகிறவர்களிடமும் நான் கேட்பது ஒன்றுதான்: ரத்த ஸ்டெம் செல் திட்டம் என்றால் முதல் ஒப்பந்தமே மூன்று ஆண்டுக்குக் குறையாமல் கொடுங்கள். நீட்டிக்க முடியாது என்றால் ஆறு மாதம் முன்பே எழுத்தில் சொல்லிவிடுங்கள். இதற்குக் கூடுதல் பணம் தேவை என்று நான் நினைக்கவில்லை. பாதியில் நிற்கும் எலிச் சோதனைகளில் வீணாவதும் பணம்தான்.

வரப்போகிறவர்களுக்கு: ஆஃபர் லெட்டரில் காலம் எவ்வளவு, உங்கள் சம்பளம் எந்தக் கிராண்டிலிருந்து, அந்தக் கிராண்ட் எப்போது முடிகிறது, எலி அனுமதி ஏற்கெனவே இருக்கிறதா என்று நேர்காணலிலேயே கேளுங்கள். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று தயங்க வேண்டாம். லெட்டர் வந்து குழப்பமாக இருந்தால் இன்பாக்ஸில் எழுதுங்கள், சேர்ந்து படித்துப் பார்ப்போம்.