வலிக்கு அக்குபஞ்சர் ஊசி குத்திக்கலாமான்னு கேக்குறவங்களுக்கு

மூணு வருஷம் இடுப்பு வலியோட வாழ்ந்திருக்கேன். காலைல ஒருக்களிச்சுப் படுத்து, கையை ஊன்றி, பல்லைக் கடிச்சுக்கிட்டுதான் எழுந்திரிக்கணும். ஸ்கேன்ல பெருசா ஒண்ணும் இல்லன்னுட்டாங்க, ஒண்ணும் இல்லன்னா இந்த வலி எங்கருந்து வருதுன்னு கேட்டா பதில் இல்ல, மாத்திரை மட்டும் மாறிக்கிட்டே இருந்துச்சு. கடைசில வயிறு எரிய ஆரம்பிச்ச பிறகுதான், உடம்புல குறிப்பிட்ட புள்ளிகள்ல மெல்லிய ஊசி குத்துற அக்குபஞ்சர் பக்கம் போனேன். வலி முழுசா போகல. ஆனா நல்லா குறைஞ்சுது, ராத்திரி தூக்கம் வந்துச்சு. வலியில தூங்காம கிடந்தவங்களுக்குத் தெரியும் அது எவ்ளோ பெரிய விஷயம்னு.

சரி, ஏன் குறைஞ்சுதுன்னு தேடிப் படிச்சேன். 2007ல ஜெர்மனில நாள்பட்ட இடுப்பு வலி இருக்குற 1162 பேரை மூணா பிரிச்சு ஒரு பெரிய ஆய்வு வெளியாச்சு. ஒரு குழுவுக்கு முறைப்படி புள்ளி பாத்து ஊசி, இன்னொரு குழுவுக்கு புள்ளியே இல்லாத இடத்துல மேலாக்க ஒரு ஊசி, மூணாவது குழுவுக்கு மாத்திரை, பிசியோதெரபி, உடற்பயிற்சின்னு வழக்கமான வைத்தியம். ஆறு மாசம் கழிச்சு குணம் தெரிஞ்சவங்க முறையே 47.6, 44.2, 27.4 சதவீதம்.

இந்த நம்பரை நான் ரொம்ப நாள் யோசிச்சேன். அக்குபஞ்சர் பிடிக்காதவங்க முதல் ரெண்டு நம்பரை மட்டும் காட்டி, பாருங்க எங்க குத்துனாலும் ஒண்ணுதான், எல்லாம் மனப்பிரமைன்னு முடிச்சுடுறாங்க. பிடிச்சவங்க நடு நம்பரை மறைச்சுட்டு மத்த ரெண்டை காட்டுறாங்க. எனக்கு பெருசா தெரியுறது அந்த 27தான். நாள்பட்ட வலிக்கு நாம வழக்கமா குடுக்குற வைத்தியம் அவ்ளோ பலவீனமா இருக்கு, அதைப் பத்தி ரெண்டு தரப்புமே பேசல.

அப்புறம் 2018ல 39 ஆய்வுகளைச் சேர்த்து, 20,827 நோயாளிகளோட தகவலை வச்சு ஒரு அலசல் வந்துச்சு. முதுகு, கழுத்து, தோள், மூட்டுத் தேய்மானம், தலைவலி எல்லாம் அதுல உண்டு. நிஜ ஊசி பொய் ஊசியை விட கொஞ்சம் மேல, ஊசியே போடாம இருக்குறதை விட நல்லாவே மேல, ஒரு வருஷம் ஆனாலும் பலன்ல பெரும்பகுதி நிக்குதுன்னு வந்துச்சு. அந்த 'கொஞ்சம் மேல'ங்கறதை நான் மறைக்க விரும்பல.

மனப்பிரமைன்னு சொல்றதுல எனக்கு இன்னொரு வருத்தமும் இருக்கு. பல் பிடுங்குனவங்ககிட்ட 1978லயே ஒரு சோதனை பண்ணாங்க, மருந்துன்னு சொல்லிக் குடுத்த பொய் மருந்தால வலி குறைஞ்சவங்களுக்கு, உடம்பே சுரக்குற வலி நிவாரணியான எண்டார்ஃபினைத் தடுக்குற நலாக்சோன்ங்கற மருந்தைக் குடுத்ததும் வலி கூடிடுச்சு. அப்போ நம்பிக்கையால குறையுற வலியும் உடம்புக்குள்ள நிஜமா சுரக்குற ஒண்ணாலதான் குறையுது! என்கிட்ட முக்கால் மணி நேரம் உக்காந்து, எப்படி தூங்குறீங்க, எந்தப் பக்கம் திரும்புனா இழுக்குதுன்னு கேட்டு, வலிக்குற இடத்துல கை வச்சுப் பாத்த முதல் ஆள் ஊசி போட்டவர்தான். அதுக்கும் குணத்துல பங்கு இருக்குன்னு நான் நம்புறேன், எந்த டாக்டராலயும் இதைச் செய்ய முடியும், நேரம்தான் குடுக்குறதில்ல.

ஆனா ஒண்ணுல நான் விட்டுக்குடுக்க மாட்டேன். எல்லா மாத்திரையையும் தூக்கிப் போடுங்க, ஒரு புள்ளியைத் தொட்டா போதும்னு சொல்ற ஹீலர்கள் இருக்காங்கல்ல, அங்கருந்து உடனே எழுந்து வந்துடுங்க. சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரையை நிறுத்துறது வலி வைத்தியமே இல்ல, அது உயிரோட விளையாடுறது. இயற்கைன்னா பக்கவிளைவு இல்லங்கறதும் தப்பு, ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் சாப்பிடுறவங்க மூலிகை மாத்திரை எடுக்குறதுக்கு முன்னாடி டாக்டரைக் கேட்டே ஆகணும், ஊசி போடுறவர்கிட்டயும் சொல்லணும். ஊசி ஒரு தடவை மட்டும் பயன்படுத்துறதா, உங்க கண் முன்னாடி பிரிக்குறதா இருக்கணும். நெஞ்சுலயும் மேல் முதுகுலயும் ஆழமா குத்துனா நுரையீரல்ல ஓட்டை விழலாம், அபூர்வம்தான், ஆனா நடந்திருக்கு.

இடுப்பு வலியோட கால் பலமிழந்தாலோ, தொடை இடுக்குல மரத்துப் போனாலோ, சிறுநீர் வராம நின்னாலோ அன்னைக்கே ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு ஓடுங்க. காய்ச்சல், காரணமில்லாத எடை குறைவு, முன்னாடி புற்றுநோய் இருந்ததுன்னாலும் முதல்ல டாக்டர்தான்.

எத்தனை தடவை போகணும்னு நிறைய பேர் கேக்குறீங்க. அமெரிக்காவுல முக்கியமா வயசானவங்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் 2020லருந்து நாள்பட்ட இடுப்பு வலிக்கு 90 நாள்ல 12 தடவை வரைக்கும் காசு குடுக்குது, முன்னேற்றம் தெரிஞ்சா இன்னும் 8, தெரியலன்னா நிறுத்திடணும். இது எனக்கு நியாயமாப் படுது. நான் முதல் நாள் போனப்போ ஊசி போடுறவர்கிட்ட இதையே கேட்டேன், குணம் தெரியலன்னா என்ன பண்றதுன்னு. ஆறாவது தடவை வரைக்கும் பாப்போம், மாத்தம் இல்லன்னா நானே உங்களை வர வேண்டாம்னு சொல்லிடுவேன், நடைப்பயிற்சியையும் டாக்டர் மாத்திரையையும் மட்டும் விட்டுடாதீங்கன்னாரு. அதுக்கப்புறம்தான் சட்டையைக் கழட்டிட்டு குப்புறப் படுத்தேன்.