பீனிக்ஸ் என்றால் எந்தப் பீனிக்ஸ்?

சென்ற மாதம் ஒரு செயற்கை நுண்ணறிவு முகவரிடம் (கருவிகளைத் தானே இயக்கி விடை தேடித் தரும் மென்பொருளிடம்), "தென்னாப்பிரிக்காவில் இந்த வாரம் எத்தனை போராட்டங்கள் நடந்தன?" என்று கேட்டேன். நொடியில் ஓர் எண் வந்தது. அதைச் சுற்றி அழகாக ஒரு பத்தியும் எழுதித் தந்தது. அந்த எண் ஜாம்பியாவினுடையது.

பிழை முகவருடையது அல்ல, அது பயன்படுத்திய கருவிக்கு நான் எழுதிய விளக்கத்தினுடையது. நாங்கள் உருவாக்கும் புள்ளிவிவரக் கருவி ஜிடெல்ட் தரவுகளின் மேல் இயங்குகிறது. உலகச் செய்திகளை 15 நிமிடத்துக்கு ஒருமுறை அலசி, யார், யாரை, எங்கே, என்ன செய்தார்கள் என்று அட்டவணையில் ஏற்றும் பெருந்தரவு அது. அதில் நாடுகளின் இடக் குறியீடுகள் எஃப்ஐபிஎஸ் முறைப்படி இருக்கின்றன. அமெரிக்க அரசே உருவாக்கி, 2008-இல் கைவிட்ட முறை. தென்னாப்பிரிக்க இணையதள முகவரிகளின் வாலில் இருக்கும் இசட்ஏ, அந்த முறையில் ஜாம்பியா. தென்னாப்பிரிக்கா எஸ்எஃப். மொரிஷியஸ் என்று எண்ணி எம்யூ போட்டால் ஓமான் வந்து நிற்கும். நான் "நாட்டின் குறியீடு" என்று இரண்டே சொற்கள் எழுதியிருந்தேன். முகவர் உலகமே புழங்கும் குறியீட்டை எடுத்துப் போட்டது. கருவியும் மறுக்கவில்லை. ஜாம்பியா என்றொரு நாடு இருக்கிறது, அங்கும் போராட்டங்கள் நடக்கின்றன.

மனிதர்களுக்குக் கையேடு எழுதும்போது அவர்களுடைய சந்தேகம் நம்மைக் காப்பாற்றியது. எண் எங்கோ இடித்தால் பக்கத்து மேசையில் இருப்பவரிடம் கேட்பார்கள். முகவருக்குப் பக்கத்து மேசை கிடையாது. கருவியின் பெயர், அதன் விளக்கம், உள்ளீடுகளின் விளக்கம், இவ்வளவுதான் அதன் முன் இருக்கும். "வரம்புகள்" என்று இணையதளத்தில் தனிப்பக்கம் எழுதி வைத்துவிட்டுக் கடமை முடிந்ததாக இருக்கிறோம். அந்தப் பக்கத்தை அது தானாகத் தேடிப்போய்ப் படிக்காது.

நான் வளர்ந்தது டர்பனுக்கு வடக்கே பீனிக்ஸில். 1904-இல் காந்தி குடியிருப்பு அமைத்த இடத்துக்கு அருகே, நிறவெறி அரசு 1970-களில் இந்தியர்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய ஊர். அரிசோனாவில் ஒரு பீனிக்ஸ் இருக்கிறது, மொரிஷியஸிலும் ஒன்று இருக்கிறது. செய்தியில் வெறும் பீனிக்ஸ் என்றிருந்தால் இயந்திரம் ஊகிக்கத்தான் செய்யும். ஊரே குறிப்பிடாமல் தென்னாப்பிரிக்கா என்று மட்டும் இருந்தால், நாட்டின் நடுவே ஒரு புள்ளியில் வைத்துவிடும். கடற்கரையில் நடந்தது வரைபடத்தில் உள்நாட்டுக்குப் போய்விடும். இடம் நாட்டளவில் தெரிந்ததா, மாகாண அளவிலா, நகர அளவிலா என்று ஒவ்வொரு பதிவிலும் ஒரு குறிப்பு இருக்கிறது. அதை மறைத்துவிட்டுப் புள்ளிகளை மட்டும் எடுத்துக் கொடுப்பது, என்னைக் கேட்டால், பொய்தான். (நேரமும் அப்படியே. டர்பனில் இரவு ஒரு மணி என்பது உலகப் பொதுநேரத்தில் முந்தைய நாள்.)

இதில் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று அலுவலகத்தில் கேட்கிறார்கள். 2021 ஜூலைதான் காரணம். அப்போது வெடித்த கலவரத்தில் குவாசுலு-நடால், கௌடெங் மாகாணங்களில் 350-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பீனிக்ஸ் பகுதியில் மட்டும் 36 பேர் என்று அரசு சொன்னது. ஆனால் அந்த வாரம் எங்கள் கைபேசிகளில் வந்துகொண்டிருந்தவை வேறு எண்கள். எந்த ஊர், யார் எண்ணியது என்ற விவரம் எதுவும் இல்லாமல் ஒன்றைவிட ஒன்று பெரிதாக வந்தன. கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக வாழும் பக்கத்து ஊர் இனாண்டா. பல ஆண்டுகளாக ஒரே பஸ்ஸில் போய்வந்த இனாண்டாக்காரரும் பீனிக்ஸ்காரரும் ஒருவரையொருவர் பார்த்து அஞ்சினார்கள். அந்த இரவுகளில் தெருமுனையில் காவல் நின்றவர்களுக்கு, ஆதாரம் இல்லாத ஓர் எண் என்ன செய்யும் என்று தெரியும்.

நாளை ஒரு மாணவி, "2021 ஜூலையில் பீனிக்ஸில் எத்தனை வன்முறைச் சம்பவங்கள்?" என்று முகவரிடம் கேட்பாள். கருவி தருவது பதிவுகளின் எண்ணிக்கை. ஒரே சம்பவத்தைப் பல செய்தித்தாள்கள் வெவ்வேறு விதமாக எழுதினால் அது பல பதிவுகளாக ஏறக்கூடும். இறந்தவர்களின் எண்ணிக்கையோ, காவல்துறையின் வழக்குக் கணக்கோ அதில் இல்லை. "நிகழ்வு எண்ணிக்கை" என்ற பெயரையே "செய்திகளிலிருந்து எடுத்த பதிவுகள்" என்று மாற்றச் சொல்லியிருக்கிறேன். அதைவிட ஆபத்தானது பூச்சியம். எங்கள் தெருவில் அந்த வாரம் நடந்த பலவற்றை எந்தச் செய்தியாளரும் எழுதவில்லை. கருவி பூச்சியம் என்று சொல்லும், முகவர் "அசம்பாவிதம் எதுவும் நிகழவில்லை" என்று எழுதிவிடும்.

விளக்கம் நீண்டால் முகவரின் கவனம் சிதறும், செலவும் கூடும் என்று குழுவில் சொல்கிறார்கள். நியாயமான கவலை. அதனால் "சக்திவாய்ந்த", "விரிவான", "உலகத்தரம்" போன்ற அலங்காரங்களை முழுக்க வெட்டினேன். குறியீட்டு எச்சரிக்கைக்கும் இடத்தின் துல்லியத்துக்கும் அந்த இடமே போதுமானதாக இருந்தது. எஸ்எஃப் என்ற எடுத்துக்காட்டையும் உள்ளீட்டின் விளக்கத்திலேயே சேர்த்தேன். நேற்று அதே கேள்வியைக் கேட்டேன், இந்த முறை சரியான நாடு வந்தது.

பூச்சியத்தைப் பற்றிய வரி மட்டும் இன்னும் இழுபறியில் இருக்கிறது. விடை வெறுமையாக வரும்போதெல்லாம், "இந்தக் காலத்தில் இந்த இடத்தைப் பற்றிச் செய்திப் பதிவு கிடைக்கவில்லை, எதுவும் நடக்கவில்லை என்று பொருள் அல்ல" என்பதும் சேர்ந்தே வர வேண்டும் என்கிறேன். விடைக்குள் உரைநடை எதற்கு என்கிறார்கள். திங்கட்கிழமைக் கூட்டத்தில் இதற்காகத்தான் பேசப்போகிறேன். இதே வேலையில் இருக்கும் நண்பர்களே, உங்கள் கருவி வெறுங்கையோடு திரும்பும்போது அது என்ன சொல்கிறது?