கணக்குதான் கதை

ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் அறிபுனை, அதாவது அறிவியல் புனைகதை, பற்றி நடந்த கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு எதைச் சொல்கிறேன் என்று தெரியும். "கதையை ரசிங்கம்மா, கணக்கெல்லாம் எதுக்கு?" என்று அங்கே பேசிய அண்ணன் ஒருவர் மைக்கில் சொன்னார். கைதட்டலும் விழுந்தது. நாலு நாளாகியும் மனசு ஆறவில்லை.

அண்ணே, அறிபுனையில் கணக்குதான் கதை.

அன்று பேசிய 'த மார்ஷியன்' நாவலையே எடுப்போம். செவ்வாயில் தனியாக மாட்டிக்கொண்டவன் உருளைக்கிழங்கு போட வேண்டும், தண்ணீர் போதாது. மிச்சமிருந்த ஹைட்ரசீன் எரிபொருளை இரிடியம் என்ற உலோகத்தின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறான். அது நைட்ரஜனும் ஹைட்ரஜனுமாகப் பிரிகிறது. அந்த ஹைட்ரஜனை ஆக்சிஜனோடு எரித்தால் தண்ணீர். ஒரு கிலோ ஹைட்ரசீனுக்குச் சுமார் 1.1 லிட்டர். ஆனால் எரியாத ஹைட்ரஜன் அவன் தங்கியிருக்கும் கூடாரத்தில் சேர்ந்துவிடுகிறது. வெடிக்காமலிருக்க உள்ளேயிருந்த ஆக்சிஜனைக் குறைத்துவிட்டு, முகமூடி மாட்டிக்கொண்டு வேலை செய்கிறான். அப்படியும் வெடிக்கிறது. ஏன்? அவன் விட்ட மூச்சு. நாம் இழுக்கும் காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன் என்றால், விடும் காற்றிலும் 16 சதவீதம் மிஞ்சுகிறது. அதை அவன் கணக்கில் சேர்க்கவில்லை. உயிர் காக்கும் மூச்சே அவனைத் தூக்கி எறிகிறது. இந்தக் கணக்கை எடுத்துவிட்டால் அந்தக் காட்சியில் என்ன மிஞ்சும், சொல்லுங்கள்?

"அதே நாவலில் தொடக்கப் புயல் தப்பாச்சே" என்பீர்கள். தப்புதான். செவ்வாயின் காற்றழுத்தம் பூமியில் இருப்பதில் 1 சதவீதம்கூட இல்லை, அந்தக் காற்று ராக்கெட்டைச் சாய்க்காது. எழுதிய ஆண்டி வீயரே ஒப்புக்கொண்டார். அதோடு விடுங்கள்.

"கற்பனைக்கு வேலி போடாதீங்க" என்றும் ஒருவர் சொன்னார். 1979இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 'த ஃபவுன்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்' நாவலில் விண்வெளிக்கு மின்தூக்கி கட்டினார். வடத்தைப் பிடித்திருக்கும் செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டரில் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். கதை நடக்கும் இலங்கையோ வடக்கே 6 பாகைக்கு அப்பால். தீவையே 800 கிலோமீட்டர் தெற்கே நகர்த்திவிட்டார், அதைப் புத்தகத்திலேயே சொல்லியும் விட்டார். கணக்கு கேட்டதால் பிறந்த கற்பனை அது. இதில் வேலி எங்கே இருக்கிறது?

உண்மையில் வலித்தது வேறு. "நம்மாளுங்களுக்கு இதெல்லாம் ஓடாது" என்று முடித்தீர்களே அண்ணே, அதுதான். தமிழ்ப்பள்ளியில் அறிவியலைத் தமிழிலேயே படித்து வந்தவர்கள் எத்தனை பேர் அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருந்தார்கள்! யாருக்கு ஓடாது? அவர்களைக் கேட்டீர்களா?

அடுத்த கூட்டத்துக்கும் வருவேன். கதையில் செவ்வாயிலிருந்து பேசும் ஒருவனுக்குப் பூமியிலிருந்து உடனே பதில் வந்தால், சமிக்ஞை போக ஒரு வழிக்கே 3 முதல் 22 நிமிடம் ஆகுமே என்று கேட்கத்தான் செய்வேன்.