ஓட்டுநரின் வயர்லெஸுக்கும் பணம் ஒதுக்குங்கள்

பொதுப் போக்குவரத்துக்கு நிதி ஒதுக்கும்போதெல்லாம் புதுப் பேருந்துகளைப் பற்றித்தான் பேசுகிறோம். ஓட்டுநரையும் கட்டுப்பாட்டு அறையையும் இணைக்கும் தகவல் தொடர்புக்குப் பணம் கேட்டால், "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று தள்ளிவிடுகிறார்கள். எனக்கு இது ஆறவே இல்லை.

ஒரு மழை இரவில் நான் வந்த பேருந்து பாதி வழியில் நின்றுவிட்டது. ஓட்டுநர் வயர்லெஸை எடுத்தார், கரகரப்பு மட்டும்தான் கேட்டது. கடைசியில் தன் சொந்த செல்போனில் தெரிந்த மேற்பார்வையாளர் ஒருவரை அழைத்தார். மாற்று வண்டி வர ஒன்றரை மணி நேரம் ஆனது. கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண் "எப்போ வரும்?" என்று மூன்று முறை கேட்டார். ஓட்டுநரிடம் பதில் இல்லை. பயணிகளின் கோபத்தை எல்லாம் அவர்தான் வாங்கிக்கொண்டார்.

பழைய அனலாக் வயர்லெஸில் பல வண்டிகளுக்கு ஒரே அலைவரிசை. இருவர் ஒரே சமயத்தில் பேசினால் இருவர் சொல்வதும் புரியாது. டெட்ரா போன்ற டிஜிட்டல் வயர்லெஸ் முறையில், காலியாக இருக்கும் அலைவரிசையை அமைப்பே ஒதுக்கித் தரும். அவசரப் பொத்தானை அழுத்தினால் மற்ற அழைப்புகளை முந்திக்கொண்டு அது போய்ச் சேரும். வண்டி நிற்கும் இடத்தையும் கூடவே அனுப்பலாம்.

செல்போன் போதாதா என்கிறார்கள். பெரிய விபத்து நடந்தால் அந்தப் பகுதியே ஒரே நேரத்தில் போன் செய்யும், லைன் கிடைக்காது. சுரங்கப் பாதைக்குள் சிக்னல் தானாக வராது, அதற்கென்றே உள்ளே நெடுகக் கேபிள் இழுக்க வேண்டும். லண்டனில் 1987 நவம்பர் 18 அன்று கிங்ஸ் கிராஸ் சுரங்க ரயில் நிலையத் தீயில் 31 பேர் இறந்தார்கள். பூமிக்கடியில் தீயணைப்பு வீரர்களின் வயர்லெஸ் கைகொடுக்கவில்லை. இதைச் சரிசெய்யும்படி விசாரணை அறிக்கை சொன்னது. 2005 ஜூலை 7 அன்று அதே லண்டனின் சுரங்க ரயில்களில் குண்டு வெடித்தபோதும் கீழே இறங்கிய தீயணைப்பு வீரர்களால் மேலே இருந்தவர்களோடு வயர்லெஸில் பேச முடியவில்லை. ஆள் ஓடித்தான் செய்தி சொல்ல வேண்டியிருந்தது. அறிக்கை வந்து இத்தனை வருடம் கழித்தும் இந்த நிலை என்பதைப் படித்தபோது எனக்கு மனசு கனத்துப்போனது.

அதனால் ஒருமுறை கருவி வாங்கிக் கொடுப்பதோடு நிதியை முடித்துவிடாதீர்கள். வயர்லெஸ் கோபுரத்தின் பேட்டரி, மென்பொருள், பயிற்சி எல்லாவற்றுக்கும் ஆண்டுதோறும் பணம் வேண்டும். ஒரே வட்டாரத்தில் ஓடும் பேருந்தும் ரயிலும் தீயணைப்பு வண்டியும் ஆபத்து நேரத்தில் ஒன்றோடொன்று பேச முடிய வேண்டும். ஆளாளுக்கு ஒரு முறையை வாங்கி வைத்தால், எல்லாமே புதிதாக இருந்தும் பயனில்லை.

அப்புறம், டெண்டர் போடுவதற்கு முன்னால் மாதிரிக் கருவியை ஓட்டுநர்கள் கையில் கொடுத்துச் சில வாரம் ஓட்டச் சொல்லுங்கள். எந்தப் பாலத்தின் அடியில், எந்த வளைவில் சத்தம் அறுந்துபோகிறது என்று அவர்களே காட்டித் தருவார்கள்.