2 மணி 22 நிமிடமாம்!

போர்ட் பிளேரிலிருந்து கொழும்புக்கு விமான நேரம் 2 மணி 22 நிமிடம் என்று ஓர் இணையதளம் போட்டிருக்கிறது. போட்டவர் கையில் கிடைத்தால் எங்கள் ஊர் மலை ரயிலில் ஏற்றிவிடுவேன்.

சித்தப்பா விடியற்காலை ஐந்தரைக்கு அழைத்தார். அந்தமானில் அதற்குள் பளிச்சென்று விடிந்துவிடும். கோத்தகிரியில் எனக்கு வாசற்படிகூடத் தெரியாத பனி. "தம்பி, இலங்கையில, ஹட்டன்ல உங்க அத்தைக்கு முடியலையாம். ரெண்டே கால் மணி நேரம்தான் காட்டுது, டிக்கெட் போடு." பின்னாலேயே வாட்ஸ்அப்பில் படம் வந்தது. நீலக் கடல்மேல் வளைந்த கோடு, அதன் நடுவில் பொம்மை விமானம், கீழே 1,495 கி.மீ. படம் என்னமோ அழகாகத்தான் இருந்தது.

அந்தக் கோட்டில்தான் எந்த விமானமும் போவதில்லையே!

இந்தத் தளங்கள் செய்வது இவ்வளவுதான். இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்து, பூமிமேல் மிகக் குறைந்த தூரத்தைக் கணக்கிட்டு, மணிக்கு 800 கி.மீ. என்று வகுத்து, ஏறி இறங்க அரை மணி சேர்த்துவிடுவது. கணக்கில் பிழையே இல்லை, அதுதான் எரிச்சல். 'நேரடி விமானம் கிடையாது' என்று ஒரு வரி போட்டால் என்ன குறைந்துவிடும்? இந்தக் கணக்குப்படி மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கி.மீ. ரயில் பாதையை மூன்றரை நிமிடத்தில் கடக்கலாம். நம் ரயிலோ பல்சக்கரத்தைக் கடித்துக்கொண்டு ஏற ஏறக்குறைய ஐந்து மணி நேரம் எடுக்கிறது.

நிஜத்தில் சித்தப்பா முதலில் சென்னைக்கு வர வேண்டும், அதுவே சுமார் 1,370 கி.மீ. அங்கே பெட்டியை எடுத்து, பன்னாட்டு முனையத்துக்கு நடந்து, குடியேற்ற வரிசையில் நின்று, மறுபடி தெற்கே சுமார் 650 கி.மீ. பறக்க வேண்டும். எனக்குக் கிடைத்த டிக்கெட்டில் சென்னையில் மட்டும் பதினோரு மணி நேரக் காத்திருப்பு. கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கவில் இறங்கிய பிறகும் ஹட்டன் மலை ஏற வேண்டும். முட்டிவலிக்காரரிடம் இதைச் சொல்லிப் புரியவைக்க நாற்பது நிமிடம் ஆனது. "அப்ப அவன் பொய்யா போட்டிருக்கான்?" என்றார். பொய் என்றும் சொல்ல முடியவில்லை, பாருங்கள்.

இலங்கை மலையகத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 ஒப்பந்தத்தில் சிதறிய குடும்பம் எங்களுடையது. அப்பா இங்கே டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தார், சித்தப்பா நிக்கோபாரில் கச்சால் தீவு ரப்பர் தோட்டத்துக்குப் போனார், வாக்கப்பட்ட அத்தை இலங்கையிலேயே நின்றுவிட்டார். பொழுதுபோகாதவருக்கு அந்த நீலக் கோடு வேடிக்கை. எங்களுக்கு அப்படி இல்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே சித்தப்பாவிடமிருந்து இன்னொரு படம். போர்ட் பிளேர் – கோயம்புத்தூர், 2 மணி 38 நிமிடம். "சரி விடு, முதல்ல உன் வீட்டுக்கு வரேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துடுவேன், ரசம் மட்டும் வெச்சிரு."