மூத்த பெண்களும் ஸ்மார்ட் வாட்சும்: ஒரு திருத்தம்

"வயதான பெண்களுக்கு டெக்னாலஜி என்றாலே பயம், தினம் 10,000 காலடி நடக்காவிட்டால் வாட்ச் கட்டியும் வீண்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு. 10,000 என்பது 1960களில் ஜப்பானில் விற்ற ஓர் அடி எண்ணும் கருவியோடு பரவிய கணக்கு. சராசரி வயது 72 உள்ள அமெரிக்கப் பெண்களைப் பற்றி 2019இல் வந்த ஆய்வில், தினம் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 நடந்தவர்களிடமே இறப்பு குறைவு. 7,500க்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை.

அப்புறம், பயமா? காட்பாடியில் என் அத்தை வாட்சைக் கழற்றி வைத்ததற்குக் காரணமே வேறு. வளையலோடு பட்டை உரசும், வேலூர் வெயிலில் வியர்த்து அரிக்கும். இடுப்பில் குடத்தோடு நடந்தால் கை வீசாது, அதனால் பல அடிகள் கணக்கிலேயே வராது. "நான் எப்போது எழுந்தேன், எப்போது படுத்தேன் என்று யாரெல்லாம் பார்ப்பீங்க?" என்றும் கேட்டார். நியாயமான கேள்வி. வாங்கிக் கொடுக்கும் பிள்ளைகள் முதலில் அதற்குப் பதில் சொல்லுங்கள்.